காரைக்காலுக்குச் சூரியக் கோபுரம் வேண்டுமா?

பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவன் கையில் உடைந்த நிலைக்கண்ணாடித் துண்டு ஒன்று அகப்பட்டுவிட்டால், அன்றைக்கு அந்தத் தெருவில் யாருக்கும் நிம்மதி கிடையாது. வெயிலைப் பிடித்து எதிர்வீட்டுத் திண்ணையில் கண்ணயர்ந்திருக்கும் தாத்தாவின் முகத்தில் அடிப்பான். சமையலறைச் சுவரில் ஒளிப் பொட்டு ஒன்றை ஓடவிட்டுப் பாட்டியைத் திடுக்கிடச் செய்வான். பத்துப் பிள்ளைகள் கூடிப் பத்துத் துண்டுகளால் ஒரே இடத்தில் வெயிலைப் பாய்ச்சினார்களானால், அந்த இடத்தில் கை வைக்க முடியாது. இந்த விளையாட்டையே பெரியவர்கள் ஆயிரக் கணக்கான கண்ணாடிகளை வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டுச் செய்தால், அதற்குச் சூரிய வெப்ப மின்சார நிலையம் என்று பெயர்.

இதைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் காரைக்காலில் ஒரு நண்பர் வீட்டில் உண்டாயிற்று. அவர் ஓய்வு பெற்ற உபாத்தியாயர். காரைக்காலில் பல குடும்பங்களுக்கு இருப்பதுபோல் அவருக்கும் பிரான்ஸில் ஒரு கிளை உண்டு. அங்கேயுள்ள மகள் அனுப்பிய புகைப்படம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். மலைச் சாரலில் நெடிய கோபுரம் ஒன்று. அதன் எதிரே வரிசை வரிசையாகக் கண்ணாடிகள். "ஐயா! எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் 1739 முதல் 1954 வரை ஆண்டார்கள். அவர்கள் நாட்டில் பாதி வருஷம் குளிர். அங்கே வெயிலைக் கட்டி வேலை வாங்குகிறார்கள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காரைக்காலில் இப்படி ஒரு கோபுரம் ஏன் எழுப்பக் கூடாது? நீங்கள்தான் பத்திரிகையில் எழுதுகிறீர்களே, சொல்லுங்கள்" என்றார்.

கேள்வி நியாயமானது. விடை சொல்லுமுன், அந்தக் கோபுரத்துக்குள் நடப்பது என்னவென்று பார்த்துவிடுவோம்.

கோபுர உச்சியில் உலை

பரந்த வெளியின் நடுவே உயரமான கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் குழாய்களாலான உலை இருக்கிறது. தரையில் பரப்பியுள்ள கண்ணாடிகள் ஒவ்வொன்றும் சூரியன் நகர நகரத் தானும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கண்ணாடி சூரியனை நேராகப் பார்த்தால் வெளிச்சம் சூரியனுக்கே திரும்பிப் போய்விடும்; கோபுரத்தைப் பார்த்தாலோ வெளிச்சம் வேறெங்கோ விழும். ஆகையால் சூரியனுக்கும் கோபுரத்துக்கும் சரி நடுவிலே முகம் வைத்து நிற்கவேண்டும். ஒவ்வொரு கண்ணாடிக்கும் இருக்கும் இடம் வேறாதலால் கணக்கும் வேறு. காலை முதல் மாலை வரை இந்தக் கணக்கைப் போட்டுக் கண்ணாடிகளைத் திருப்பும் வேலையை இப்போது கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

இத்தனை கண்ணாடிகளின் வெயிலும் உலையில் குவிந்தவுடன் அங்கே ஓடும் நீர் ஆவியாகிறது. அந்த ஆவி டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் மின்சார யந்திரத்தைச் சுழற்றுகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி செய்கிற வேலையை இங்கே வெயில் செய்கிறது என்பதைத் தவிர வேறு வித்தியாசமில்லை.

இதில் ஒரு நயமான ஏற்பாடும் உண்டு. நீருக்குப் பதிலாக உப்பை உருக்கி உலையில் ஓடவிடலாம். கறிக்குப் போடும் உப்பு அல்ல. வெடியுப்பும் அதற்கு இனமான சோடியம் நைட்ரேட்டும் கலந்த கலவை. 290 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் மேலே ஏறிய உப்பு 565 டிகிரியுடன் கீழே இறங்கும். அதைப் பெரிய தொட்டியில் நிரப்பி வைத்துக்கொண்டால், பகல் வெயிலை இராத்திரியில் எடுத்துச் செலவழிக்கலாம். ஸ்பெயின் தேசத்தில் செவில் நகரத்துக்கு அப்பால் 2011-ல் தொடங்கிய கெமாஸோலார் நிலையத்தில் 2,650 கண்ணாடிகளும் 140 மீட்டர் உயரமுள்ள கோபுரமும் இருக்கின்றன. அதன் சக்தி சுமார் 20 மெகாவாட். சூரியன் மறைந்த பிறகும் 15 மணி நேரம் ஓடக்கூடிய வெப்பம் அதன் தொட்டியில் அடங்கும். 2013-ல் அந்த நிலையம் 36 நாட்கள் இரவு பகல் ஓயாமல் ஓடியது. வெயிலில்லாத நேரத்தில் சூரிய மின்சாரம் எது என்று பரிகாசம் செய்தவர்களுக்கு அதுவே பதிலாயிற்று.

பம்பாயில் முளைத்த யோசனை

பிரான்ஸிலிருந்து வந்த படத்தைப் பார்த்து என் நண்பர் பெருமூச்சு விட்டார். ஆனால் பல கண்ணாடிகளால் ஒரே கொதிகலனைச் சூடாக்கும் இந்த யோசனை நம் தேசத்து மண்ணிலேயே முளைத்தது என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை.

முதலில் முயன்றவர் பிரெஞ்சுக்காரர் என்பது உண்மையே. தூர் நகரத்தில் கணித ஆசிரியராயிருந்த ஒகுஸ்தேன் மூஷோ என்பவர், புனல் வடிவமான பளபளப்பான பெரிய தகட்டின் நடுவே கொதிகலனை வைத்துச் சூரிய யந்திரம் ஒன்றைச் செய்தார். 1878-ஆம் ஆண்டில் பாரிஸில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில் சூரிய வெப்பத்தைக் கொண்டே பனிக்கட்டி செய்து காட்டித் தங்கப் பதக்கம் பெற்றார். அப்போது காரைக்காலும் அவருடைய தேசத்தின் ஆட்சியில்தான் இருந்தது. ஆனால் வெயில் கொளுத்தும் இந்த ஊருக்கு அந்த யந்திரம் வந்து சேரவில்லை.

அதே காலத்தில் பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் டிபுடி ரிஜிஸ்திராராக உத்தியோகம் பார்த்து வந்தார். மூஷோவின் யந்திரத்தைப் பற்றிப் படித்த அவருக்கு ஒரு குறை தென்பட்டது. ஒரே தகட்டைப் புனலாக வளைப்பதென்றால் அதை எவ்வளவு பெரிதாகச் செய்ய முடியும்? செலவும் அதிகம், பளபளப்பும் நாளடைவில் மங்கிப்போகும். கடையில் வாங்கக்கூடிய தட்டையான சிறு கண்ணாடிகள் பலவற்றை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றின் வெளிச்சத்தையும் ஒரே கொதிகலன்மேல் திருப்பினால் என்ன? பெரிய யந்திரம் வேண்டுமானால் இன்னும் சில கண்ணாடிகளைச் சேர்த்தால் போதுமே!

ஆடம்ஸ் அப்படியே செய்தார். 17 அங்குல நீளமும் ஏறக்குறைய 10 அங்குல அகலமும் உள்ள கண்ணாடிகளைச் சட்டத்தில் பொருத்தி அரைவட்டமாக நிறுத்தினார். சூரியன் நகர நகர அந்தச் சட்டத்தை வேலையாள் தள்ளிக்கொண்டே போகவேண்டும். கொலாபாவில் தம் வீட்டு வளவிலே, அந்தக் கொதிகலனிலிருந்து வந்த ஆவியால் இரண்டரைக் குதிரைச் சக்தியுள்ள நீராவி யந்திரத்தை ஓட்டினார். வெப்ப தேசங்களில் விறகுக்கும் நிலக்கரிக்கும் பதிலாகச் சூரிய வெப்பத்தை உபயோகிப்பது பற்றி அவர் எழுதிய புஸ்தகம் 1878-ல் பம்பாயிலேயே வெளியாயிற்று. வெயிலில் சமைக்கும் அடுப்பும் ஒன்று செய்தார். பம்பாயில் மிகக் குளிர்ந்த மாதமான ஜனவரியிலும், ஏழு சிப்பாய்களுக்கு வேண்டிய உணவு அதில் இரண்டு மணி நேரத்தில் வெந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்.

இன்றைய சூரியக் கோபுரங்களுக்கெல்லாம் மூதாதை அந்தக் கொலாபா வளவுதான். ஆனால் அதன் பலன் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. அப்போதைய சர்க்காருக்கு நிலக்கரியும் ரயிலும் போதுமாயிருந்தன. பிரான்ஸிலும் அப்படியே, மலிவான நிலக்கரி வந்தவுடன் மூஷோவின் யந்திரம் கட்டுப்படியாகாது என்று தள்ளிவிட்டார்கள்.

பிறகு 1913-ல் அமெரிக்கரான ப்ராங்க் ஷூமன் என்பவர், எகிப்தில் கெய்ரோவுக்கு அருகில் மாதி என்னுமிடத்தில் நீண்ட தொட்டிபோல் வளைந்த கண்ணாடிகளை நிறுவி, சூரிய வெப்பத்தினால் நைல் நதி நீரை இறைத்துக் காட்டினார். மறு வருஷமே முதல் உலக யுத்தம் வந்தது. அந்த முயற்சி நின்றது. என் நண்பர் காட்டிய படத்திலுள்ள பிரெஞ்சுக் கோபுரத்தின் கதையும் இதைப் போன்றதே. பிரனீஸ் மலையில் தார்கஸோன் என்னுமிடத்திலுள்ள அந்தத் தெமிஸ் நிலையம் 1983-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. 1986-ல் அதை மூடிவிட்டார்கள். எண்ணெய் விலை இறங்கியதும் வெயிலின்மேல் இருந்த ஆசையும் இறங்கிவிட்டது. "அப்படியானால் இந்தப் படம் மூன்று வருஷத்துக் கதைதானா?" என்று நண்பர் சற்று வாட்டத்துடன் கேட்டார்.

ராஜஸ்தானம் கற்பித்த பாடம்

இந்தியாவில் இந்த முயற்சி மறுபடியும் தலையெடுத்தது 2010-ல். அவ்வருஷம் ஜனவரியில் ஜவாஹர்லால் நேருவின் பெயரால் தேசியச் சூரிய சக்தித் திட்டம் ஆரம்பமாயிற்று. சூரிய வெப்ப நிலையங்கள் ஏழுக்கு, மொத்தம் 470 மெகாவாட்டுக்கு, அனுமதி கொடுத்தார்கள். 2011-ல் ராஜஸ்தானத்துப் பீகானீர் ஜில்லாவில் இரண்டரை மெகாவாட் சக்தியுள்ள கோபுரம் ஒன்றும் எழுந்தது.

ஏழு நிலையங்களில் பாதிகூட நிறைவேறவில்லை. ராஜஸ்தானத்தில் நோக் கிராமத்தில் 2013-லும், துர்ஸாரில் 2014-லும், ஆந்திர தேசத்து அனந்தபூர் ஜில்லாவில் 2014-லும் மூன்று நிலையங்கள் எழுந்தன. மற்றவை ஏன் தடைப்பட்டன? காரணங்கள் பல. வெயிலைக் கொட்டி வெறும் தகட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் முறை அந்தச் சில வருஷங்களில் வெகு மலிவாகிவிட்டது. ஆனால் முக்கியமான காரணம் ஒன்று நம்முடைய கேள்விக்கு நேராகச் சம்பந்தப்பட்டது: வெயிலைத் தரையிலே நின்று சரியாக அளந்து பார்ப்பதற்கு முன்பே திட்டம் போட்டுவிட்டார்கள். வானிலிருந்து எடுத்த கணக்கில் காணப்பட்ட வெயில் பாலைவனத்தின் புழுதி மூட்டத்தில் குறைந்து போயிற்று.

வெயிலை அளப்பதா என்று வாசகர்கள் ஆச்சரியப்படலாம். அளக்கத்தான் வேண்டும். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள காற்றுச் சக்தி ஸ்தாபனமே தேசமெங்கும் இதற்கு அளவு நிலையங்களை அமைத்தது. முதல் தொகுதியில் 51 நிலையங்கள் 2011-ல் வேலை தொடங்கின. அவை இரண்டு விதமான வெயிலைத் தனித் தனியே அளக்கின்றன. இந்த இரண்டு விதத்தில்தான் காரைக்காலின் விடை அடங்கியிருக்கிறது.

கடைமடையின் வெயில்

சூரியனிடமிருந்து வழியில் தடையின்றி நேராக வரும் கதிர் ஒருவிதம். ஈரக் காற்றிலும் மேகத்திலும் புழுதியிலும் பட்டுச் சிதறி, வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும் வெளிச்சம் மற்றொரு விதம். நேராக வரும் கதிரின் கீழே நின்றால் நிழல் கத்தியால் வெட்டினாற்போல் தெளிவாக விழும். சிதறிய வெளிச்சத்தில் நிழல் மங்கலாயிருக்கும். கண்ணாடி திருப்பி அனுப்பக்கூடியது நேர்க்கதிரை மாத்திரமே; பல பக்கங்களிலிருந்து வரும் வெளிச்சத்தை ஒரே இடத்தில் குவிக்க எந்தக் கண்ணாடியாலும் ஆகாது.

காரைக்கால் கடற்கரை ஊர். அரசலாறு கடலில் கலக்கும் இடம். காற்றிலே ஈரம் எப்போதும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழை கொட்டுகிறது. நமக்கு வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்து வெயில் கடுமை என்று எண்ணுகிறோம். புழுக்கம் வேறு, நேர்க்கதிர் வேறு. அனந்தபூரின் வறண்ட வானத்துக்கும் இந்த ஊரின் பால் வெளுப்பான வானத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நேர்க்கதிர் குறைந்தால் கோபுரம் எழுப்பிய கடன் மாத்திரம் குறையாது.

இரண்டாவது, நிலம். எகிப்தில் குரைமாத் என்னுமிடத்தில் 2011 முதல் வேலை செய்யும் நிலையத்தில், இயற்கை வாயுவோடு சூரிய வெப்பத்தையும் சேர்த்திருக்கிறார்கள். சூரியனின் பங்கு 20 மெகாவாட். அதற்கு வேண்டிய கண்ணாடி மாத்திரம் 1,30,800 சதுர மீட்டர். நம் தஞ்சாவூர்க் கணக்கில் ஐந்து வேலிக்குச் சற்றுக் குறைவு. ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழாதபடி இடைவெளி விடவேண்டுமாகையால் நிலம் அதைப்போல் பல மடங்கு தேவை. சோறு விளையும் கழனியில் கண்ணாடி நடுவதற்கு எந்த விவசாயியின் மனந்தான் ஒப்பும்?

மூன்றாவது, தண்ணீர். டர்பைனிலிருந்து வெளிவரும் ஆவியைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். கண்ணாடியைக் கழுவவும் நல்ல தண்ணீர் வேண்டும். காவிரியின் கடைமடையிலே, மேலே உள்ளவர்கள் எல்லோருக்கும் பாய்ந்த பிறகு மிஞ்சுவதை எதிர்பார்த்திருக்கும் ஊர் இது. நான்காவது, உப்புக் காற்று. கண்ணாடியின் பின்னால் உள்ள வெள்ளிப் பூச்சுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் அது பகை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையைத் தாக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

காரைக்காலுக்கு மின்சார நிலையம் புதிதல்ல. திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி மின் உற்பத்திக் கழகத்தின் 32.5 மெகாவாட் நிலையம் 2000-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. காவிரிப் படுகையில் கிடைக்கும் இயற்கை வாயுவால் முதலில் ஒரு டர்பைன் சுழல்கிறது. அது வெளியே விடும் சூட்டைக் கொண்டு ஆவி உண்டாக்கி இரண்டாவது டர்பைன் சுழல்கிறது. வீணாகப் போகும் வெப்பத்தையும் விடாமல் வேலை வாங்கும் ஏற்பாடு காரைக்காலுக்குத் தெரிந்ததுதான். சூரியனிடமும் அந்த வழக்கத்தையே கைக்கொள்ளவேண்டும் என்று நண்பரிடம் சொன்னேன்.

"அப்படியானால் எங்கள் வெயில் எதற்கும் ஆகாது என்கிறீர்களா?" என்று அவர் சற்றுக் கோபமாகவே கேட்டார்.

சோற்றுக்கு ஆகும் வெயில்

ஆகாது என்று யார் சொன்னது? மின்சாரம் வேண்டுமானால் வீட்டு மாடியிலும் பள்ளிக்கூடத்துக் கூரையிலும் சூரியத் தகடுகளைப் பதிக்கலாம். அவை சிதறிய வெளிச்சத்தையும் மின்சாரமாக்கும், கழனியைக் கேட்பதில்லை. கண்ணாடிக்கு ஏற்ற வேலை வேறு. டர்பைனைச் சுழற்ற 500 டிகிரிக்கு மேலும் சூடு தேடுகிறார்கள். சோறு வேக 100 டிகிரி போதுமே! அவ்வளவு சூட்டுக்குக் கோபுரமும் வேண்டாம், பல வேலி நிலமும் வேண்டாம்.

காரைக்காலுக்கு வடக்கே இதே கடற்கரையில், புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில், சமையற்கூடத்து மாடியின்மேல் 15 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய கிண்ணம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். கிண்ணத்தின் உள்ளே ஆயிரக் கணக்கான சிறு கண்ணாடிகள் பதித்திருக்கின்றன. இங்கே கண்ணாடி நகருவதில்லை; அதற்கு மேலே தொங்கும் உலைக் குழாய்தான் சூரியனைத் தொடர்ந்து திரும்புகிறது. நல்ல வெயிலுள்ள நாளில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் ஆவி அதிலிருந்து கிடைக்கும்படி அமைத்தார்கள். மேகம் மூடினால் சோறு நின்றுவிடக் கூடாதல்லவா? அதற்காக டீஸல் கொதிகலன் ஒன்றையும் பக்கத்தில் வைத்தார்கள். நேர்க்கதிர் குறையும் நாளில் எண்ணெய் கொஞ்சம் செலவாகும். ஆனால் யாரும் பசியோடு திரும்ப வேண்டியதில்லை. மின்சார நிலையத்தைக் கடனில் ஆழ்த்தும் அதே மேகம், சமையற்கூடத்தில் சிறு செலவோடு போய்விடுகிறது.

திருமலையில் 2002-ல் 106 கண்ணாடிக் கிண்ணங்களை நிறுவி, பக்தர்களின் அன்னதானத்துக்கு நீராவி எடுத்தார்கள். ஷீரடியிலும் 2009-ல் அப்படியே செய்தார்கள். ஆபு மலை அடிவாரத்தில் பிரம்ம குமாரிகளின் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர் பரப்புள்ள 770 கிண்ணங்கள், வெப்பத்தை வார்ப்பிரும்பில் சேமித்து வைத்து 1 மெகாவாட் மின்சாரம் தருகின்றன. சமையலுக்குக் கண்ணாடி பிடித்துக் கை பழகியவர்கள் பிறகு மின்சாரத்துக்கும் துணிந்தார்கள் என்பது அங்கே கவனிக்கத் தக்கது.

இனிக் காரைக்காலைப் பாருங்கள். இந்த ஜில்லாவில்தான் திருநள்ளாறு இருக்கிறது. சனிக்கிழமை தோறும் எத்தனை ஆயிரம் ஜனங்கள் வந்து குவிகிறார்கள்! அவர்களுக்குச் சமைக்கும் அடுப்புகள் எத்தனை! சனீசுவரன் சூரியனுடைய மகன் என்பது நம்மவர் எல்லோரும் அறிந்த செய்தி. மகனைத் தரிசிக்க வரும் யாத்திரிகர்களுக்குத் தகப்பனார் அடுப்பு மூட்டிக் கொடுத்தால் பொருத்தமாகத்தானே இருக்கும்! ஆஸ்பத்திரிகளில் வெந்நீர், மாணவர் விடுதிகளில் சோறு, பள்ளிகளில் மதிய உணவு இவற்றுக்கெல்லாம் வேண்டியது நூறு டிகிரிச் சூடுதான். இந்த வேலைக்கு வேண்டிய கண்ணாடியை வெட்டவும், சட்டத்தைப் பற்றவைக்கவும், பழுது பார்க்கவும் நம் ஊர்ப் பட்டறைகளே போதும். வெளிநாட்டுக் கம்பெனியின் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ராஜஸ்தானத்தில் செய்த பிழையை நாமும் செய்யக் கூடாது. எந்த மாடியில் கண்ணாடி வைக்கப் போகிறோமோ அந்த மாடியில் ஒரு வருஷம் நேர்க்கதிரை அளந்து, மழைக் காலத்து நாட்களையும் கணக்கில் சேர்த்து, அதன் பிறகே சட்டத்தை நிறுத்த வேண்டும். அந்த வேலைக்கு நம் கல்லூரி மாணவர்களைக் காட்டிலும் தகுதியானவர்கள் யார்?

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு பிரான்ஸிலிருந்து வந்த படத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "கோபுரம் இல்லையென்று ஆனதில் எனக்கு வருத்தந்தான். ஆனாலும் பம்பாயில் ஆடம்ஸ் என்பவர் ஏழு பேருக்குச் சமைத்தார் என்றீர்களே, அந்த அடுப்பு எவ்வளவு பெரிது?" என்று கேட்டார்.

நான் விடைபெற்று வாசலுக்கு வந்தபோது, அவருடைய பேரன் திண்ணையில் கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் வெயிலை ஓட்டிக்கொண்டிருந்தான். வழக்கமாக அதட்டும் உபாத்தியாயர் அன்றைக்கு அதட்டவில்லை. "தம்பி! அந்த வெளிச்சத்தை அசைக்காமல் ஒரே இடத்தில் நிறுத்து, பார்ப்போம்" என்றார்.